பேய்க்கு வசனம் இல்லை

பேய்க்கு வசனம் கிடையாது என்று சிவசங்கரன் முதல் நாளே சொல்லிவிட்டார். வரும், நிற்கும், சுவரில் மாட்டியிருக்கும் படத்தை நோக்கிக் கையை நீட்டும், போய்விடும். சிரிப்பு மட்டும் டேப்பில்.

"வசனம் வெச்சா தமிழ் தெரிஞ்ச பொம்பளை வேணும். நம்ம வீட்டுப் பொம்பளைங்க யாரு மேடை ஏறப்போறாங்க?" என்றார்.

ஹாலில் உட்கார்ந்திருந்த ஆண்கள் டம்ளர்களைக் கீழே வைத்தார்கள். காலி டம்ளர்களை எடுக்க வந்த அவர் மனைவி ஜலஜா ஒரு கணம் நின்றாள். யாராவது தன்னை நிமிர்ந்து பார்ப்பார்கள் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ, அவளுக்கே தெரியாது. யாரும் பார்க்கவில்லை. டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மஸ்கட்டில், ரூவியில், கம்பெனி கொடுத்த ஃபிளாட் அது. எழுபத்தாறாம் வருஷக் கடைசி. பொங்கல் விழாவுக்கென்று சிவசங்கரன் ஒரு நாடகம் எழுதியிருந்தார். மனைவியை இழந்தவன் மறுமணம் செய்துகொள்கிறான். செத்தவள் திரும்பி வருகிறாள். கணவன் வேஷம் அவருக்கு. இரண்டாம் மனைவி வேஷம், அக்கவுண்ட்ஸ் செக்ஷன் சேதுமாதவனுக்கு. அதற்காக மீசையை எடுத்துவிட்டு, ஆபீசில் எல்லோரிடமும் கேலி வாங்கிக்கொண்டிருந்தார். மத்ராவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் காயல்பட்டினத்து கலீல் ரஹ்மான் வேலைக்காரனாக வந்து சிரிக்க வைப்பார். புடவைகளும் அவர் கடையிலிருந்துதான். மறந்துபோகிறவர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுப்பது ஜலஜாவின் வேலை. படுக்கையறைத் திரைச்சீலைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கிசுகிசுப்பாள்.

"மெதுவா. உன் குரல் வெளியில கேக்கக் கூடாது" என்பார் சிவசங்கரன்.

அது ஒன்றும் அவளுக்குக் கஷ்டமாக இல்லை. திருச்சியில் அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். இங்கே வந்த பிறகு, காலையில் அவர் போனதும் கதவைச் சாத்தினால், சாயங்காலம் வரை பேசுவதற்கு ஓர் ஆள் இல்லை. ஏ.சி. மட்டும் ஒரே சுருதியில் பேசிக்கொண்டிருக்கும். அவர் வந்து மணியடித்து, "வந்துட்டீங்களா" என்று அவள் கேட்கும்போது அந்த முதல் வார்த்தை துருப்பிடித்த கீல் போல் கிறீச்சிடும். அன்றைய தினத்தின் முதல் வார்த்தை அதுதான் என்பது அப்போதுதான் உறைக்கும்.

"மொத சம்சாரத்துக்கு ஒரு போட்டோ வேணுமே" என்றார் சேதுமாதவன்.

"அப்படியே ஏதாச்சும் நடிகை காலண்டரை வெட்டி..." என்று இழுத்தார் ஒருவர்.

"சேச்சே, ஜனம் விசிலடிக்கும். குடும்பப் பொம்பளையா இருக்கணும்."

சிவசங்கரன் எழுந்துபோய் பீரோவிலிருந்து ஒரு படத்தைக் கொண்டுவந்தார். கல்யாணத்துக்கு முன், மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புவதற்காக ஸ்டுடியோவில் எடுத்த ஜலஜாவின் படம். அதைப் பார்த்துத்தான் அவர் சரி என்று சொல்லியிருந்தார்.

கலீல் ரஹ்மான் நெளிந்தார். "உசுரோட இருக்குறவங்க படத்துக்குப் போயி மாலையப் போடுறதா? வேணாம் சார்."

"நடிப்புத்தானய்யா. அதுக்காக அடுத்தவன் பொண்டாட்டி போட்டோவைப் போய்க் கேக்க முடியுமா?" சிவசங்கரன் மனைவியின் பக்கம் திரும்பினார். "உனக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்லை" என்றாள் ஜலஜா.

கேட்காமல் செய்தார் என்று பிற்பாடு அவரைக் குற்றம் சொல்ல முடியாதபடி அந்த 'இல்லை' அவளுக்கு முன்னால் வந்து நின்றது. ஏன் சொன்னாள்? அத்தனை பேர் எதிரில் வேறு எதைச் சொல்வது? மத்ரா சந்தையில் வாங்கிய பிளாஸ்டிக் முல்லை மாலையைப் போட்டார்கள். சேதுமாதவன் படத்தின் கண்ணாடி மேல் பொட்டு வைத்தார். கீழே சிவப்பில் ஒரு சின்ன பல்பு. ஒத்திகைக்கு ஒத்திகை மாட்டிக் கழற்றுவது வீண்வேலை என்று படம் ஹால் சுவரிலேயே தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு பகல்களில் அந்த வீட்டில் இரண்டு ஜலஜாக்கள். படத்தில் இருந்தவளுக்குப் பொட்டும் பூவும் வெளிச்சமும் இருந்தன. மற்றவள் தூசி துடைத்தாள்.

சலவைத்துணி கொண்டுவந்த மலையாளத்துக்காரர் ஒருநாள் வாசலில் நின்றபடியே உள்ளே எட்டிப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். முகத்தில் இரக்கம் வந்தது.

"சேச்சியா? எப்ப மரிச்சு?"

அது நான்தான் என்று சொல்ல ஜலஜா வாயெடுத்தாள். "ரொம்ப நாளாச்சு" என்று வந்தது.

அன்று சாயங்காலமே தொண்டை கட்டிக்கொண்டது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தொண்டையில் எதுவும் இல்லை என்றார்.

பேயாக நடிக்க வந்தவள் பெயர் ஜுஹ்ரா. சிவசங்கரனின் கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். நாற்பது வயதிருக்கும், நெடுநெடுவென்று, நல்ல கறுப்பாக இருந்தாள். ஆப்பிரிக்கக் கரையோரத் தீவான சான்சிபாரில் ரேடியோ நாடகம், மேடை நாடகம் எல்லாம் செய்தவள்.

"மேக்கப் செலவு மிச்சம்" என்றார் சேதுமாதவன், அவள் உள்ளே நுழையும்போதே.

"வெள்ளைப் பொடவைக்கு எடுப்பாவும் இருக்கும்" என்றார் கலீல் ரஹ்மான்.

ஜுஹ்ராவுக்குத் தமிழ் தெரியாது. ஹிந்தி நன்றாகப் பேசினாள். சான்சிபாரில் அவளுடைய அண்டை வீட்டார் எல்லாம் இந்தியர்கள். கதையைக் கேட்டாள். படத்தின் முன்னால் நின்று வெகுநேரம் பார்த்தாள்.

"இந்த அம்மாள் வெளுப்பாக இருக்கிறாளே. செத்த பிறகு எப்படிக் கறுத்தாள்?" என்று சிவசங்கரனைக் கேட்டாள்.

"சுடுகாட்டுல கொஞ்சம் தீஞ்சுட்டான்னு சொல்லுங்க சார்" என்று தமிழில் சொன்னார் சேதுமாதவன். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

ஜுஹ்ரா திரைச்சீலைப் பக்கம் திரும்பினாள். "என்ன சொன்னான்?"

"ஒன்றுமில்லை" என்றாள் ஜலஜா, கட்டிய தொண்டையோடு, ஹிந்தியில். ஊரில் ஹிந்திப் பரீட்சைகள் எழுதிப் பாஸ் செய்திருந்தவள்.

"ஒன்றுமில்லாததற்கு இவ்வளவு நேரம் சிரிக்கிறார்களா?" அவள் கிட்டே வந்தாள். திரையை விலக்கினாள். படத்தையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். "இது நீதானே?" என்றாள்.

அத்தனை நாளில் அதைக் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

வியாழக்கிழமை ஆபீஸ் அரை நாள். அந்த மத்தியானம், சிவசங்கரன் விழாவுக்கான ஹாலைப் பார்க்கப் போயிருந்தபோது, ஜுஹ்ரா தனியாக வந்தாள். டீயைக் கையில் வைத்துக்கொண்டு, ஜலஜா நடப்பதை, குனிவதை, முந்தானையால் கை துடைப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கூச்சமாக இருந்தது. பார்க்கப்படுவது மறந்துபோயிருந்தது.

"ரேடியோவில் நான் எல்லாமாகவும் இருந்தேன்" என்றாள் ஜுஹ்ரா. "சுல்தான், படகோட்டி, பால் மறக்காத குழந்தை. ஆணாகப் பேசுவது கஷ்டமா என்று கேட்பார்கள். ரொம்ப சுலபம். வாக்கியத்தை முடிக்க அவசரப்படக் கூடாது. நடுவில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் பேச வேண்டும். பெண்ணாகப் பேசுவதுதான் கஷ்டம். எந்தப் பெண் என்று யாரும் எழுதித் தருவதில்லை. 'மனைவி' என்று போட்டிருப்பார்கள். உங்கள் சேதுமாதவனைப் பார். எப்போதும் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொள்கிறான். உன் கழுத்து நேராகத்தானே இருக்கிறது? அவன் எந்தப் பெண்ணைப் பார்த்தான்?"

ஜலஜாவுக்குச் சிரிப்பு வந்தது. தொண்டையில் அது வெறும் காற்றாகப் போயிற்று.

"மேடைக்கு வந்தால் அவ்வளவும் போய்விடும். தோல் மட்டும்தான். அங்கே என்னை அரபி என்றார்கள். சீமாட்டி வேஷம் கொடுத்தார்கள். புரட்சி வந்ததும் அதே அரபி என்றுதான் துரத்தினார்கள். கப்பலேறி இங்கே வந்தேன். இங்கே நான் ஆப்பிரிக்கா. ஆகவே பேய். கப்பலில் நான் நிறம் மாறவில்லை, ஜலஜா. நன்றாக ஞாபகம் இருக்கிறது."

டீ ஆறி ஆடை படிந்திருந்தது. அவள் அதை விரலால் ஒதுக்கினாள்.

"அங்கே ஒரு தாய் ரேடியோ ஸ்டேஷனுக்கு வந்தாள். நாடகத்தில் நான் பேசிய பெண்ணின் குரல், அவளுடைய செத்துப்போன மகளின் குரலாம். ஒரே ஒரு தடவை அம்மா என்று கூப்பிடு என்றாள். கூப்பிட்டேன். அந்தத் தாய் எழுந்து போய்விட்டாள். மகள் போகவில்லை. இப்போதும் சில நாள் டெலிபோன் போர்டில் ஹலோ என்று சொல்லும்போது அவள் வந்துவிடுகிறாள். மறுமுனையில் இருப்பவன் பேச்சை நிறுத்திவிடுவான். ஏனென்று அவனுக்கும் தெரியாது."

ஏ.சி. ஓடுவது கேட்டது. படத்தின் கீழே சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

"இவள் என்ன சொல்ல வந்தாள்?" ஜுஹ்ரா படத்தைக் காட்டினாள். "வசனம் இல்லாவிட்டால் பரவாயில்லை. அவள் எதற்கு வந்தாள் என்று தெரியாமல் நான் எப்படிக் கையை நீட்டுவேன்? சொல்லு. உன் மொழியிலேயே சொல்லு. எனக்குப் புரிய வேண்டியதில்லை."

புரியாது என்பதால்தான் ஜலஜா வாயைத் திறந்தாள். முதலில் இருமல் வந்தது. பிறகு குரல் வந்தது, பல நாள் கழித்து, அவளுடைய பழைய குரலே. கொஞ்ச நேரம் பேசினாள். ஜுஹ்ரா கண்களை மூடிக் கேட்டாள். அவள் உதடுகள் ஜலஜாவின் உதடுகளுக்கு ஒரு மயிரிழை பின்னால் அசைந்துகொண்டிருந்தன. பேசி முடித்ததும் வீடு மிகவும் காலியாக இருந்தது.

அவள் போன பிறகு ஜலஜா தன் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். சத்தமே இல்லை. மூச்சு மட்டும் வந்தது.

விழா ஒரு பள்ளிக்கூட ஹாலில். முன்வரிசைகளில் குடும்பங்கள், பின்னால் காம்ப்களிலிருந்து பஸ்ஸில் வந்த தொழிலாளர்கள், பெஞ்சிலும் தரையிலுமாக. ஜலஜா மேடையின் பக்கத் திரைக்குள் டார்ச்சும் கையெழுத்துப் பிரதியுமாக உட்கார்ந்திருந்தாள். மூச்சாலேயே வசனம் எடுத்துக்கொடுத்தாள். அதுவே போதுமானதாக இருந்தது. எல்லோரும் அவளைப் புகழ்ந்தார்கள், இப்பத்தான் சரியா சொல்றீங்க என்று.

மூன்றாம் காட்சியில் விளக்குகளைக் குறைத்தார்கள். ஜுஹ்ரா வெள்ளைப் புடவையில் நடந்து வந்தாள். புடவை கட்டிப் பழகாதவள் என்று சொல்ல முடியாது. முந்தானையைப் பிடித்துக்கொண்ட விதம் ஜலஜாவுக்குத் தெரிந்ததாக இருந்தது. பின்வரிசையில் யாரோ ஏதோ கேலி சொன்னார்கள், சிரிப்பு எழுந்தது. அவள் மேடையில் மாட்டியிருந்த படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். சிரிப்பு டேப்பைப் போட வேண்டிய இடம் அது. டேப்ரிக்கார்டர் பக்கம் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

லேசாக இருமினாள். பிறகு பேசினாள்.

"என்னங்க. நான் இங்கதான் இருக்கேன். காலைல நீங்க போயிட்டா என் பேரைச் சொல்லிக் கூப்பிட இந்த வீட்ல ஒரு ஆள் கிடையாது. வர்றவங்க படத்தைப் பாத்துட்டு, எப்ப செத்தாங்கன்னு என்கிட்டயே கேக்கறாங்க. நானும் ரொம்ப நாளாச்சுங்கறேன். ஆனா தேதி கேட்டா எனக்குத் தெரியலை. நீங்கதானே மாலை போட்டீங்க? உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எந்தத் தேதியில செத்தேன்னு சொல்லிடுங்க. நான் ஞாபகம் வெச்சுக்கறேன்."

திருச்சிப் பேச்சு. ஜலஜாவின் குரல். 'ரொம்ப'வில் ஒரு சின்ன இழுப்பு, 'மாலை'க்கு முன்னால் விழுங்கிய எச்சில், எல்லாம் அந்த வியாழக்கிழமை மத்தியானத்தினுடையது. தன் வயிற்றுக்குள்ளிருந்து யாரோ எதையோ உருவி எடுத்துக்கொண்டு போவது போல் ஜலஜாவுக்கு இருந்தது. தன் உதடுகளும் அசைகின்றன என்பதை அவள் அறியவில்லை.

பின்வரிசை அடங்கிவிட்டது. சேதுமாதவனின் கழுத்து முதல் தடவையாக நேராக நின்றது. சிவசங்கரன் தன் வசனத்தை மறந்தார். பேயைப் பார்க்கவில்லை, திரைப்பக்கம் திரும்பி மனைவியைப் பார்த்தார். டார்ச் வெளிச்சத்தில் அசையும் அவள் உதடுகளைப் பார்த்தார்.

நாடகம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் கூட்டம். எல்லோரும் ஜலஜாவிடம் வந்தார்கள்.

"டப்பிங் பிரமாதம்மா! அவ வாயசைப்பும் உங்க குரலும் அச்சா ஒட்டிக்கிச்சு."

"நம்ம சிவசங்கரன் சார் ரகசியமாவே வெச்சிருந்தாரு பாருங்களேன்."

சிவசங்கரன் பல்லைக் கடித்துக்கொண்டு காதருகே சொன்னார்: "எனக்குத் தெரியாம வசனம் எழுதி... இத்தனை ஆம்பளைங்க முன்னாடி... உனக்கு என்ன வந்தது?"

ஜுஹ்ரா முகத்தைத் துடைத்தபடி ஓரமாக நின்றாள். அவளிடம் யாரும் போகவில்லை. "என்ன சொல்கிறார்கள்?" என்று ஹிந்தியில் கேட்டாள்.

ஜலஜா அவளைப் பார்த்தாள். பாராட்டு தித்தித்தது. பல வருஷங்களுக்குப் பிறகு தன் குரலை நாலு பேர் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். பேசாமல் இருந்தால் போதும், அது தனக்கே வந்துவிடும். பேசவும் முடியாதே. ஒரு மூச்சு நேரம் அதை அவள் உண்மையிலேயே எடுத்துக்கொண்டாள். பிறகுதான் வெட்கமாக இருந்தது. கையை நீட்டி ஜுஹ்ராவைக் காட்டினாள். "அவங்க" என்றாள் சத்தமில்லாமல்.

"அவளா?" சேதுமாதவன் சிரித்தார். "வான்னா தெரியுமா அவளுக்கு, போன்னா தெரியுமா?"

ஜலஜா மறுபடி காட்டினாள். தலையை அசைத்தாள், நானில்லை என்று.

சிவசங்கரனுக்குக் கோபம் மிஞ்சிவிட்டது. "எங்கே, பேசச் சொல்லு பாக்கலாம்" என்றார்.

ஜுஹ்ரா துண்டை மடித்து நாற்காலியில் போட்டாள். அவசரப்படாமல் அவரைப் பார்த்தாள்.

"எங்கே, பேசச் சொல்லு பாக்கலாம்" என்றாள்.

சிவசங்கரனின் குரல். அந்த மூக்கொலி, அந்தக் கடைசி இழுப்பு, அதிலிருந்த கோபம்கூட. புடவை கட்டிய அந்த நெடிய பெண்ணின் வாயிலிருந்து அது வந்தது.

"யா அல்லா" என்று கலீல் ரஹ்மான் ஓர் அடி பின்வாங்கினார். சிவசங்கரன் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அடுத்து வந்த நாட்களில் அவர் வீட்டில் குறைவாகவே பேசினார். பேசினாலும் தணிந்த குரலில், எண்ணிச் செலவழிப்பவர் போல். ஒரு சாயங்காலம் நாடகச் சாமான்கள் திரும்பி வந்தன. படத்தை எடுத்து, மாலையைத் தட்டி, பழைய ஆணியிலேயே மாட்டினார்.

"சோஹார்ல இருக்கற லேபர் காம்ப்லயும் நாடகத்தைப் போடணும்னு கேக்கறாங்க. அவ அதே மாதிரியே பேசட்டும்னு சேதுமாதவன்லேர்ந்து எல்லாரும் சொல்றாங்க." சற்று நின்றார். "உனக்கு ஒண்ணும் இல்லையே?"

ஜலஜா பதில் சொல்லவில்லை. குரல் இல்லை என்று அவர் நினைத்துக்கொண்டார். அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் அன்று தொண்டை வலிக்கவில்லை. சோஹாரிலும் மாலையோடு தொங்கி, அங்கேயும் தேதி கேட்டு, அப்புறம் இன்னொரு ஊர். ஒவ்வொரு தடவையும் தன் குரலில் தனக்கு எவ்வளவு மிச்சமிருக்கும் என்று கணக்குப் பார்க்க முயன்றாள். அவள் உயிரோடு இருக்கிறாள் என்பதை இந்த வீட்டில் யாராவது ஒருவர் சொல்லியாக வேண்டும்.

மறுநாள் காலை டெலிபோன் அடித்தது. எடுத்தாள்.

"ஹலோ" என்றது அவளுடைய குரல், மறுமுனையிலிருந்து.

ஜலஜா ரிசீவரைக் காதிலிருந்து விலக்கிப் பார்த்தாள்.

"பயப்படாதே. நான் ஜுஹ்ரா. காலையிலிருந்து உன்னை என் தொண்டையை விட்டு வெளியே அனுப்ப முடியவில்லை." இரண்டு தடவை செருமும் சத்தம். பிறகு கொஞ்சம் அவளாக ஆனாள். "சோஹாரில் பேசச் சொல்கிறார்கள். இந்த ஊருக்கு வந்த பிறகு எனக்கு வசனம் என்று கொடுப்பது இதுதான் முதல் தடவை. வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு இல்லை. ஆனால் அது உன்னுடையது. என்னைக் கேட்டு யாரும் எந்த வேஷமும் கொடுத்ததில்லை. நான் கேட்கிறேன். பேசட்டுமா?"

ஜலஜா மூச்சை இழுத்தாள். எங்கோ அடியாழத்தில் ஏதோ உரசியது.

"பேசுங்க" என்றாள். கரகரத்த, பாதி உடைந்த சத்தம். "ஆனா என் படம் அங்க இருக்காது. நீங்க என்னோட பேய் இல்லை. எதுக்கு வந்தீங்கன்னு நீங்களே சொல்லுங்க. உங்க குரல்ல."

ஹிந்தியில் சொல்ல நினைத்தது தமிழில் வந்துவிட்டது. திருப்பி ஹிந்தியில் சொன்னாள்.

போர்டில் வேறு லைன்கள் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. "என் குரலா?" என்றாள் ஜுஹ்ரா. "அது எதுவென்று தேட வேண்டும். தேடுகிறேன்." பிறகு, "படத்தைப் பற்றி உன் புருஷனிடம் நான் சொல்லட்டுமா? உன் குரலிலேயே. அவர் மேஜையில் மணியடிக்க எனக்கு ஒரு நிமிஷம். நீ கஷ்டப்பட வேண்டாம்."

அவ்வளவு சுலபம். ரிசீவரை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடலாம். அவள் பேசாமலேயே அது பேசப்பட்டுவிடும். நன்றாகவும் பேசப்படும், அவளைவிட நன்றாக. ஜலஜா ரிசீவரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம். லைன் கொடுங்கள், நானே பேசுகிறேன்."

ஒரு சொடுக்கு. மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள்.

"ஹலோ, சிவசங்கரன். யாரு பேசறது?" அந்தக் கேள்வியில் நிஜமான தயக்கம் இருந்தது.

"நான் ஜலஜா" என்றாள். அவர் நம்புவதற்காகக் காத்திருக்கவில்லை. "நீங்க சாயங்காலம் வர்ற வரைக்கும் என்னால காத்துக்கிட்டு இருக்க முடியாது. இப்பவே சொல்லிடறேன், கேளுங்க."